பிரெய்ல் மட்டும் போதுமா?

மக்களவையில் பேச விரும்பும் உறுப்பினர், தமது இடத்தில் எழுந்து நின்று அவைத் தலைவரின் கண்ணில் பட வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடமிருந்து இரவல் பெற்ற மரபு இது. அந்த அவைக்கு 1953-ஆம் ஆண்டு, சியாமா பிரசாத் முகர்ஜியின் மறைவால் காலியான கல்கத்தா தென்கிழக்குத் தொகுதியிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சாதன் குப்தா. குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வையை இழந்தவர். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் பார்வையற்ற உறுப்பினர் அவர். 1957-இல் மீண்டும் வென்றார். பின்னாளில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் பணியாற்றினார்.

அவையிலாவது, வாய்ப்பு தரும்போது உறுப்பினரின் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் இருக்கிறது. கண்ணில் தொடங்கும் காரியம் குரலில் முடிகிறது. பள்ளிக்கூடத்தின் மதிய இடைவேளையில் அப்படி யாரும் யாரையும் அழைப்பதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது, பந்து அடுத்து யாருக்கு, யார் கோபமாக இருக்கிறார், யார் விளையாட்டுக்குத் தயார் என்பதெல்லாம் ஒரு பார்வையில், ஒரு கண் ஜாடையில் முடிந்துவிடுகிறது. தமிழில் ஒருவரைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கே 'கண்டுகொள்ளவில்லை' என்றுதான் பெயர். விருப்பத்துடன் பேசுவது 'முகங்கொடுத்துப் பேசுவது'. மொழியே இப்படிப் பார்வையை நம்பி நிற்கும்போது, பார்வையற்ற குழந்தை நட்பை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். இவர்களில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் 50 லட்சத்துக்கும் சற்று அதிகம். இவர்களின் கல்விக்காக மத்திய, மாநில அரசுகள் எதையும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. பிரெய்ல் பாடநூல், வெள்ளைக் கோல், உதவித்தொகை, தேர்வில் சொல்வதை எழுத உதவியாளர், கூடுதல் நேரம், வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு என்று பல உரிமைகள் சட்டத்தில் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை பார்வையற்றோர் அமைப்புகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடிப் பெற்றவை. ஆனால், ஒரு குழந்தை சக குழந்தைகளோடு பழகக் கற்பது தானாக நடந்துவிடும் என்ற எண்ணம் மட்டும் அதிகாரிகளிடமும் பள்ளிகளிடமும் இன்னும் மாறவில்லை. பார்வையுள்ள குழந்தைக்கு அது தானாகத்தான் நடக்கிறது. கோளாறு அங்குதான் தொடங்குகிறது.

பார்வையுள்ள குழந்தை, பெரியவர்களையும் தோழர்களையும் பார்த்துப் பார்த்தே பழகும் முறையைப் பெற்றுவிடுகிறது. யாரும் பாடம் நடத்துவதில்லை. பார்வையற்ற குழந்தைக்கு அந்தப் பள்ளிக்கூடம் மூடியே இருக்கிறது. அமெரிக்காவின் உளவியல் அறிஞர் செல்மா ஃப்ரைபெர்க், பிறவியிலேயே பார்வையற்ற கைக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1977-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. தாயின் குரல் கேட்டு அந்தக் குழந்தைகள் சிரித்தன. ஆனால், முகத்தை முகம் பார்க்கும் பழக்கம் இல்லாததால், குழந்தை தன்னிடம் ஆர்வம் காட்டவில்லை என்று தாய்மார்கள் மனம் சோர்ந்தனர். ஃப்ரைபெர்க் அவர்களைக் குழந்தையின் கைகளைக் கவனிக்கச் சொன்னார். முகம் சொல்லாததை விரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. குழந்தைக்குப் பேசத் தெரியவில்லை என்பதை விட, எதிரில் இருந்தவருக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதே அதில் கிடைத்த செய்தி.

இதே வழியில்தான் அமெரிக்கக் கல்வியாளர் ஃபில் ஹேட்லன் 1996-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பார்வையற்ற மாணவருக்குக் கணிதம், மொழி, அறிவியல் ஆகியவற்றுடன் கூடுதலாக ஒரு பாடத்திட்டம் தேவை. பார்த்துக் கற்க முடியாதவற்றைத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம். இப்போது ஒன்பது பிரிவுகளாக உள்ள அந்தப் பாடத்திட்டத்தில், சமூகத்தில் பழகும் திறன் ஒரு தனிப் பிரிவு. நடமாட்டப் பயிற்சிக்கும், பிரெய்லுக்கும், கருவிகளைக் கையாளும் பயிற்சிக்கும் தரும் அதே இடம் அதற்கும் தரப்பட்டுள்ளது. நமது சிறப்பாசிரியர் பயிற்சிக்கும் இந்தக் கருத்து புதிதல்ல. பயிற்சி முடித்த ஆசிரியருக்கு வகுப்பறையில் அதைச் செய்ய நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்னதாக இருக்கிறது எலெக்ட்ரானிக் சிட்டி. இன்ஃபோசிஸ் உள்ளிட்ட பெரும் கணினி நிறுவனங்களின் வளாகங்கள் நிறைந்த இப்பகுதிக்கு, நீண்ட காத்திருப்புக்குப் பின் 2025 ஆகஸ்டில்தான் மெட்ரோ ரயில் வந்தது. 1999-இல் தொடங்கப்பட்டு இங்கு இயங்கிவரும் ஐ.ஐ.ஐ.டி. எனப்படும் சர்வதேச தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில், பார்வையற்ற குழந்தைகளின் கல்வி குறித்து நாட்டின் கவனத்துக்குரிய பணி நடந்து வருகிறது. அங்கு முதுகலை பயின்ற பார்வையற்ற மாணவி வித்யா, சுப்ரியா டே, பேராசிரியர் அமித் பிரகாஷ் ஆகியோர் இணைந்து 2017-இல் தொடங்கிய 'விஷன் எம்பவர்' என்ற அமைப்பு, அந்த நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்தது.

கணிதமும் அறிவியலும் பார்வையற்ற மாணவர்களுக்கு ஒத்துவராது என்று உயர் வகுப்புகளில் அவர்களை ஒதுக்கிவிடும் பழக்கம் நாடு முழுவதும் உண்டு. அந்தப் பழக்கத்தை உடைப்பதே இந்த அமைப்பின் முதல் வேலை. பார்வையற்றோர் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்கள் பயன்படுத்தும் 'சுபோதா' என்ற கற்றல் தளம், மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவுடன் இணைந்து உருவாக்கிய 'ஹெக்ஸிஸ்' என்னும் குறைந்த விலை பிரெய்ல் வாசிப்புக் கருவி ஆகியவை அதன் பணிகளில் சில. வெளிநாட்டிலிருந்து வரும் பிரெய்ல் கருவிகளின் விலையை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி முயற்சியின் அருமை புரியும்.

பழகும் திறன் என்ற கோணத்திலிருந்து பார்த்தால், பெங்களூரில் நடந்த இன்னொரு பணிதான் அதிக முக்கியத்துவம் பெறுகிறது. மைக்ரோசாப்ட் இந்திய ஆய்வுப் பிரிவின் மனோகர் சுவாமிநாதனும் அவரது குழுவினரும், மாற்றுத்திறனாளிகளுக்கான எந்தக் கருவியும் பாடமும் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தனர். கையால் தொட்டு ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய சிறு பொருள்களைக் கோத்து, இசையையும் கதையையும் கணினி நிரலாக உருவாக்கும் ஒரு விளையாட்டுக் கருவியைப் பெங்களூரின் பார்வையற்ற குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தனர். 2019-இல் அந்த ஆய்வு வெளியானது. கணினிச் சிந்தனையை அந்தக் குழந்தைகள் விளையாட்டாகவே அனுபவித்ததை அது பதிவு செய்தது. ஒரே கருவியை இருவர் தொடும்போது, அடுத்து யார் என்பதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். சண்டை வரும், சமாதானமும் வரும். பாடம் கணினியாக இருந்தாலும், கிடைக்கும் பயிற்சி அதற்கும் மேற்பட்டது.

எனினும், எலெக்ட்ரானிக் சிட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த இந்த முயற்சிகளின் மையம் கணிதமும் கணினியும்தான். பழகும் திறன் அங்கு உடன்விளைவாக வருகிறது. அதையே நேரடியான ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட பெரிய முயற்சி, அதே மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஆய்வகத்தில், கேம்பிரிட்ஜில் நடந்தது. 2016-இல் ரியோ டி ஜெனிரோ பாராலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற பார்வையற்றவர்களுடன் பயணம் செய்து, அவர்களுக்கு உண்மையில் எது தேவைப்படுகிறது என்று ஆய்வாளர்கள் கவனித்ததிலிருந்து அது தொடங்கியது. செசிலி மாரிசன் தலைமையிலான குழு, பின்னர் குழந்தைகளின் பக்கம் திரும்பியது.

தலையில் அணியும் கருவியொன்றில் உள்ள கேமராக்கள், எதிரில் இருப்பவர்களைக் கண்டறியும். குழந்தை ஒருவரின் திசையில் முகத்தைத் திருப்பினால், அந்தத் திசையிலிருந்தே அவரது பெயர் காதில் ஒலிக்கும். யாரேனும் குழந்தையைப் பார்த்தால் அதையும் ஓர் ஒலி அறிவிக்கும். 2022-இல் 'பீப்பிள் லென்ஸ்' என்ற பெயரில் கண்ணாடி வடிவில் அறிமுகமான இதன் அடுத்த கட்டத்துக்கு, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 5 முதல் 11 வயது வரையிலான பிரிட்டிஷ் குழந்தைகள் அழைக்கப்பட்டனர். யார் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்தால், எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது என்பதைக் குழந்தையே தீர்மானித்துக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. குழந்தையைத் திருத்துவதற்குப் பதிலாக, குழந்தைக்கு மறுக்கப்பட்ட தகவலைத் தருவது. இந்த அளவில் இது பாராட்டுக்குரிய சிந்தனை என்பதில் ஐயமில்லை.

அப்படியே அதை இங்கு இறக்குமதி செய்துவிடலாமா என்றால், அங்குதான் தயக்கம் வருகிறது. முதலில் விலை. தொடக்க ஆய்வுகளில் மாற்றியமைத்துப் பயன்படுத்தப்பட்டது மைக்ரோசாப்டின் 'ஹோலோலென்ஸ்' தலைக்கவசம். அதன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பின் விலை 3,500 டாலர். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஒதுக்கப்படும் தொகை 3,500 ரூபாய். எண் ஒன்றுதான், நாணயம் வேறு. போதாக்குறைக்கு, அந்தத் தலைக்கவசத்தின் உற்பத்தியையே 2024-இல் அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வணிக முடிவை நம்பி ஒரு நாட்டின் பள்ளிகள் திட்டம் தீட்ட இயலாது.

இரண்டாவது, சட்டம். சக மாணவர்களின் முகங்களைப் படித்து அடையாளம் காணும் கருவி வகுப்பறைக்குள் வரும்போது, அந்த மாணவர்களின் சம்மதத்தை யார் தருவது? நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அது தடை செய்கிறது. சிலவற்றுக்கு அரசு விலக்கு அளிக்கலாம். ஒரு குழந்தைக்கு உதவும் கருவிக்காக நாற்பது குழந்தைகளின் முகங்கள் பதிவாவது சரியா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அல்ல. மாணவர் நலனைக் காரணம் காட்டி வரும் எந்தக் கேமராவையும் சந்தேகத்துடன் பார்ப்பதே நாடாளுமன்றத்துக்கு அழகு.

மூன்றாவது காரணம், அதிகம் பேசப்படாதது. அந்தக் கருவி பெயரைச் சொல்கிறது. ஆங்கிலேயச் சூழலில் அது போதும். ஒரு தமிழ்க் குழந்தைக்கோ கன்னடக் குழந்தைக்கோ எதிரில் இருப்பவரின் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். அவரை அண்ணன் என்பதா, மாமா என்பதா, ஐயா என்பதா? நீ என்பதா, நீங்கள் என்பதா? பார்வையுள்ளவர்கள் நரையையும் உடையையும் நிற்கும் தோரணையையும் பார்த்து நொடியில் இதைத் தீர்மானித்துவிடுகின்றனர். பார்வையற்ற குழந்தை குரலை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டும். தவறினால் 'மரியாதை தெரியாத பிள்ளை' என்ற பெயர். எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. வீட்டில் தமிழோ தெலுங்கோ, தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் விளிக்கும் முறை வேறு. இதைக் கேம்பிரிட்ஜில் யாரும் ஆராயப் போவதில்லை, ஆராயவும் முடியாது. இங்குதான் ஆராய வேண்டும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலேயே கண்ணின் வேலையைக் குரலுக்கு மாற்ற முடியும் என்பதற்குப் பெங்களூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1997-இல் அந்நகரில் தொடங்கப்பட்ட சமர்த்தனம் அறக்கட்டளை, பார்வையற்றோர் கிரிக்கெட்டை நாடெங்கும் வளர்த்த அமைப்புகளில் முதன்மையானது. அந்த ஆட்டத்தில் பந்தின் உள்ளே சிறு குண்டுகள் ஒலிக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பந்துக்கும் முன் நடக்கும் உரையாடல். பந்து வீச்சாளர் 'தயாரா' என்று கேட்க வேண்டும். மட்டையாளர் 'ஆம்' என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு 'பிளே' என்று குரல் கொடுத்தபடியே பந்தை வீச வேண்டும். சொல்லாமல் வீசினால் அது முறையான பந்தாகாது. சாதாரண கிரிக்கெட்டில் ஒரு பார்வையில் முடியும் சம்மதம், இங்கு மூன்று சொற்களில் வெளிப்படையாகிறது.

அணியின் அமைப்பும் அப்படியே. முழுப் பார்வையின்மை உடைய நால்வர், பகுதிப் பார்வையுள்ள பிறர் என்று பிரிவுக்கேற்ப வீரர்கள் கலந்து ஆட வேண்டும் என்பது விதி. ஒருவரை விட்டுவிட்டு ஆட முடியாது. 1998-இல் தில்லியில் முதல் உலகக் கோப்பை நடந்தது. 2025 நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற பார்வையற்ற மகளிருக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை, கர்நாடகத்தைச் சேர்ந்த தீபிகா தலைமையிலான இந்திய அணி நேபாளத்தை வென்று கைப்பற்றியபோது நாடு கைதட்டியது. பாராட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி வகுப்பில் பார்வையற்ற மாணவி எங்கே உட்கார வைக்கப்படுகிறாள் என்று கேட்டிருப்பார்கள்? பெரும்பாலும் மரத்தடியில்தான். அவளுக்கு மற்றவர்களின் செருப்பையும் புத்தகப் பையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1-ஆம் தேதி ஏற்று உறுதி செய்தது. அதன் 24-ஆவது கூறு கல்வியைப் பற்றியது. அதன் மூன்றாவது பத்தி, வாழ்க்கைத் திறன்களையும் சமூக வளர்ச்சித் திறன்களையும் கற்க மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்ய வேண்டியது அரசுகளின் கடமை என்று தெளிவாகக் கூறுகிறது. பிரெய்லும் நடமாட்டப் பயிற்சியும் அதே பத்தியில்தான் வருகின்றன. இந்த உடன்படிக்கைக்கு ஏற்ப இயற்றப்பட்டதுதான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பணமதிப்பு நீக்க அமளியால் முடங்கிப்போன அந்தக் குளிர்காலக் கூட்டத் தொடரில், கட்சி வேறுபாடின்றி இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா அது. மாநிலங்களவையில் டிசம்பர் 14, மக்களவையில் டிசம்பர் 16. மசோதாவை முன்னின்று நிறைவேற்றிய அன்றைய சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், 2021-இல் கர்நாடக ஆளுநராக நியமிக்கப்பட்டார் என்பது இங்கு பொருத்தமான தகவல்.

அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கல்வி வளர்ச்சியையும் சமூக வளர்ச்சியையும் ஒருங்கே உயர்த்தும் சூழலில் தேவையான ஆதரவைப் பள்ளிகள் அளிக்க வேண்டும் என்கிறது. 'சமூக வளர்ச்சி' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் வழிகளைப் பட்டியலிடும் 17-ஆவது பிரிவில், பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்கள், இலவச நூல்கள், உதவித்தொகை, தேர்வுச் சலுகைகள், கற்றலை மேம்படுத்தும் ஆராய்ச்சி என எல்லாம் வருகின்றன; சமூக வளர்ச்சிக்கென்று தனியாக எதுவும் வரவில்லை. பட்டியலில் இல்லாதது பட்ஜெட்டில் வராது என்பது சாஸ்திரி பவனை ஒரு முறை சுற்றி வந்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

பணத்தை விடப் பெரிய தட்டுப்பாடு ஆசிரியர். சாதாரணப் பள்ளியில் படிக்கும் பார்வையற்ற குழந்தைக்குச் சிறப்பாசிரியர் தினமும் கிடைப்பதில்லை. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் வட்டார வள மையத்தைச் சேர்ந்த ஆசிரியர் பள்ளி பள்ளியாகச் சென்று வருகிறார். வரும் நாளில் பிரெய்ல் கற்பிப்பாரா, படிவங்களை நிரப்புவாரா, அந்தக் குழந்தை யாருடன் சாப்பிடுகிறது என்று கவனிப்பாரா? ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை நிர்ணயித்தது. அதன் பிறகும் பணியிடங்கள் உருவாகவில்லை என்பதால், 2025 மார்ச்சில் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. விகிதம் நிறைவேறினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, ஆசிரியரின் வேலைப் பட்டியலில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கெல்லாம் முன்பே நழுவிப்போகும் வயது ஒன்று உண்டு. சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்குகிறது. ஃப்ரைபெர்க் கவனித்ததோ கைக்குழந்தைகளை. பழகும் திறனின் அடித்தளம் 6 வயதுக்குள் விழுந்துவிடுகிறது. அந்த வயதில் குழந்தை அங்கன்வாடியில் இருக்கிறது, அல்லது வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால், அங்கன்வாடி ஓர் அமைச்சகம், பள்ளி வேறோர் அமைச்சகம், மாற்றுத்திறனாளிகள் நலன் மூன்றாவது, கருவிகளுக்கான ஆராய்ச்சி நான்காவது என்று இருக்கையில், 5 வயதுக் குழந்தையின் தோழமை யாருடைய கோப்பு?

பார்வையற்றவர்களில் ஒரு சாரார் எழுப்பும் நியாயமான மறுப்பையும் இங்கு புறந்தள்ள முடியாது. பழகும் திறன் என்ற பெயரில், பார்வையுள்ளவர்களைப் போல நடிக்கக் குழந்தையைப் பழக்குகிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. எதிரே இருப்பவரின் கண்ணை நோக்கு, தலையை ஆட்டாதே, உடலை அசைக்காதே, கையால் கண்ணை அழுத்தாதே என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த அதட்டலில் கல்வியை விட வெட்கமே அதிகம் இருந்தது. யாருக்காகக் கண்ணை நோக்க வேண்டும்? பார்ப்பவரின் சங்கடம் தீர்வதற்காகவா? இந்த மறுப்பில் பெரும் உண்மை இருக்கிறது. தான் எந்தத் திசையில் பேசுகிறோம், எதிரில் இருப்பவர் கேட்கிறாரா, போய்விட்டாரா என்று அறிவது குழந்தையின் தேவை. அழகாக உட்கார்ந்திருப்பது பிறரின் தேவை. ஆய்வு முதலாவதைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்ய ஒரே வழி, விஷன் எம்பவரைப் போலப் பார்வையற்றவர்களே ஆய்வை வடிவமைக்கும் இடத்தில் இருப்பது.

அதே காரணத்தால், பயிற்சியின் பாதி பார்வையுள்ள மாணவர்களுக்கு உரியது. அறைக்குள் வரும்போது தன் பெயரைச் சொல்வது, கிளம்பும்போது 'நான் போகிறேன்' என்று சொல்வது, தலையசைப்புக்குப் பதில் வாயால் ஆம் என்பது, 'அங்கே இருக்கிறது' என்பதற்குப் பதில் 'உன் இடக்கைப் பக்கம்' என்பது. செலவில்லாதவை இவை. பார்வையற்றோருக்கான தங்கும் விடுதிப் பள்ளிகளில் இந்தப் பழக்கங்கள் தாமாகவே உருவாகியிருக்கின்றன. பாளையங்கோட்டையிலும் பூந்தமல்லியிலும் அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்களின் நட்பு ஆயுள் முழுவதும் நீடிப்பதைக் காணலாம். வெளியுலகத்துடன் பழகும் வாய்ப்புதான் அங்கு குறைவு. சாதாரணப் பள்ளியில் வெளியுலகம் இருக்கிறது, அதில் குழந்தை தனியாக இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று நாற்பது ஆண்டுகளாக நடக்கும் பட்டிமன்றத்தை விட, முதலாவதில் இருக்கும் பழக்கங்களை இரண்டாவதற்கு எப்படிக் கொண்டுவருவது என்பது பயனுள்ள ஆய்வுப் பொருள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆய்வகமும் பார்வையற்ற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பூந்தமல்லியில் டேராடூன் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. ஆராய்ச்சியை ஊக்குவிக்க 17-ஆவது பிரிவு அரசுக்குக் கட்டளையிடுகிறது. இவற்றை இணைக்கும் ஓர் அரசாணைக்குப் பெரிய நிதி தேவையில்லை.

2025 மார்ச் 3-ஆம் தேதி, பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித் துறைப் பணிக்கான வாய்ப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் 2015-இலேயே வெளியுறவுப் பணியில் சேர்ந்து, முழுப் பார்வையின்மை உடையவருக்கு அந்தக் கதவைத் திறந்தவர். 25 வயதில் திறக்கும் கதவுகளைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. 5 வயதில் மூடும் கதவுகளைப் பற்றிய கணக்கு எங்கும் இல்லை. மாற்றுத்திறன் மாணவர்களைப் பற்றி ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்து, அவர்களின் சிறப்புத் தேவைகள் எவ்வளவு நிறைவேறியுள்ளன என்று அறிய வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் பள்ளிகளிடமிருந்து திரட்டும் புள்ளிவிவரப் படிவத்தில் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா, தனிக் கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் இடம்பெற்றுள்ளன. இடைவேளையில் இந்த மாணவர் யாருடன் விளையாடுகிறார் என்ற கேள்வியைச் சேர்க்க, அந்தப் படிவத்தில் ஒரு வரி இடம் போதும்.